வெள்ளாற்றுக் கழிமுகச் சேறு: மூடிய ஜாடியில் மட்டும் பாஸ்பேட் ஏறுவது ஏன்?

உப்பங்கழி:
வணக்கம். எம்.எஸ்ஸி. கடைசி வருட ப்ராஜெக்டுக்காகப் பரங்கிப்பேட்டைப் பக்கம் வெள்ளாற்று முகத்துவாரத்தில் சேறு எடுத்திருக்கிறேன். ஒரே இடத்துச் சேற்றை இரண்டு கண்ணாடி ஜாடிகளில் போட்டு, மேலே வடிகட்டிய கழிமுகத் தண்ணீரை ஊற்றினேன். ஒன்றில் மீன்தொட்டிக்கு வைக்கும் ஏர் பம்பு ஓடுகிறது. இன்னொன்றை இறுக மூடிவிட்டேன். இரண்டுமே இருட்டில்தான் இருக்கின்றன. காற்று போகும் ஜாடியில் தண்ணீரிலுள்ள பாஸ்பேட் பெரிதாக மாறவில்லை. மூடிய ஜாடியில் ஏறிக்கொண்டே போகிறது. நான் எதையும் சேர்க்கவில்லை. இது எங்கிருந்து வருகிறது?

இன்னொன்று. அப்பா சம்பா போடுகிறார், அடியுரமாக டிஏபி கொடுப்பார். வயலில் போட்டதுதான் இந்தச் சேற்றில் வந்து உட்கார்ந்திருக்கிறதா? அடுத்து சேற்றை லேப் ஓவனில் காயவைத்து, பாஸ்பரஸ் எந்தெந்த வடிவில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கப் போகிறேன். அது சரிதானா?

பழைய வாத்தியார்:
தம்பி, இரண்டு ஜாடியையும் பக்கத்தில் வைத்துச் சேற்றின் மேல்பரப்பைப் பாருங்கள். காற்று போகும் ஜாடியில் துரு நிறத்தில் ஒரு மெல்லிய படலம் இருக்கும், பாலாடை கனம்தான். அதற்குக் கீழே கறுப்பு. மூடிய ஜாடியில் அந்தப் படலம் போய், மேல்வரைக்கும் கறுத்திருக்கும். திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். உங்கள் முதல் கேள்விக்கு விடை அந்தப் படலத்தில் இருக்கிறது.

அது இரும்பு ஆக்சைடு. பாஸ்பேட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் இருக்கும்வரை கீழேயிருந்து மேலே வரும் பாஸ்பேட்டை அது தாண்ட விடாது. ஆக்சிஜன் தீர்ந்ததும் சேற்றிலுள்ள நுண்ணுயிரிகள் இரும்பை ஒடுக்குகின்றன, அதாவது அதற்கு எலக்ட்ரானைக் கொடுத்துக் கரையும் வடிவாக மாற்றுகின்றன. ஆக்சைடு கரைகிறது, பிடியில் இருந்த பாஸ்பேட் தண்ணீருக்குப் போகிறது. ஏரிச் சேற்றில் இதை மார்ட்டிமர் என்ற ஏரி ஆய்வாளர் 1941-42லேயே எழுதிவிட்டார்.

ஆனால் கழிமுகம் ஏரி இல்லை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் அது சல்பைடாக மாறி, இரும்பைப் பிடித்து இரும்பு சல்பைடாகவும், பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமமாகவும் பூட்டிவிடுகிறது. அந்தக் கறுப்பும் நாற்றமும் இந்தச் சல்பைடால் வருபவை. நன்னீரிலே கரைந்த இரும்பு மேலே வந்து, ஆக்சிஜனைக் கண்டதும் மறுபடி ஆக்சைடாகிப் பாஸ்பேட்டையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். உப்பு ஏற ஏற அப்படித் திரும்பி வர இரும்பு மிஞ்சாது. ஆற்றுப் பக்கத்துச் சேறு பிடித்து வைப்பதை முகத்துவாரச் சேறு விட்டுவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால் முகத்துவாரத்தோடு நிறுத்தாமல் ஆற்றின் மேல்பக்கமும் சேறு எடுத்துப் பாருங்கள். உங்கள் ப்ராஜெக்டின் உயிரே அந்த ஒப்பீட்டில்தான் இருக்கும்.

டிஏபி விஷயம்: 50 கிலோ மூட்டையில் 23 கிலோ பாஸ்பரஸ் பெண்டாக்சைடு, தனிமமாகக் கணக்கிட்டால் 10 கிலோ பாஸ்பரஸ். பயிர் எடுத்தது போக மிச்சம் பெரும்பாலும் களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழையில் மண் அரித்து வரும்போது அதோடு சேர்ந்து வரும். உப்புத் தண்ணீரைத் தொட்டதும் களிமண் திரண்டு படிந்துவிடும். ஆகவே வயல் உரமும் வந்திருக்கலாம். ஆனால் ஊர்ச் சாக்கடை, இறால் பண்ணைக் கழிவு, அழுகிய இலைதழை எல்லாமே வந்து சேரும் இடம் அது. அப்பாவை மட்டும் குற்றவாளியாக்க உங்கள் ஜாடியில் ஆதாரம் இல்லை.

ஓவன் வேண்டாம். காயவைத்தால் கறுப்புச் சேறு காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து, இல்லாத இரும்பு ஆக்சைடு புதிதாக உருவாகும். வேறெங்கோ இருந்த பாஸ்பரஸ் இரும்போடு சேர்ந்ததாகக் கணக்கில் வந்துவிடும். நைட்ரஜன் நிரப்பிய பையில் வைத்து ஈரமாகவே பிரித்தெடுங்கள். ஈரப்பதத்துக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் காயவைத்தால் போதும்.

பெர்த்வாசி:
இதைப் படித்ததும் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதையைச் சொல்லத் தோன்றியது. ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குத் தெற்கே மாண்டுராவில் பீல்-ஹார்வி கழிமுகம் இருக்கிறது. சுற்றிலும் மணல் நிலம். மணலில் பாஸ்பேட்டைப் பிடிக்க இரும்போ களிமண்ணோ போதாது. மேய்ச்சல் நிலங்களுக்குப் போட்ட சூப்பர் பாஸ்பேட் உரம் குளிர்கால மழையில் நேரே கழிமுகத்துக்கு வந்தது. அங்கே முதலில் டயாட்டம் என்ற நுண்பாசி பெருகும். அது செத்து அடியில் விழுந்து அழுகும்போது ஆக்சிஜன் தீரும். உடனே வாத்தியார் சொன்ன அதே வேலை: சேறு பாஸ்பேட்டைத் திறந்துவிடும். வெயில் ஏறும் மாதங்களில் நோடுலேரியா என்ற நச்சு நீலப்பச்சைப் பாசி அதை வைத்தே வளர்ந்தது. அது காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே எடுத்துக்கொள்ளும், பாஸ்பரஸ் மட்டும் கிடைத்தால் போதும்.

1994இல் டாஸ்வில் கால்வாய் என்று கடலுக்கு ஒரு புது வாய் வெட்டினார்கள். 2.5 கிலோமீட்டர் நீளம். உள்ளே உப்பு ஏறியதும் நோடுலேரியா கழிமுகத்தில் பெருகுவது நின்றது. ஆனால் கால்வாய் எட்டாத கீழ் ஆற்றுப் பகுதிகளில் பாசித் தொல்லை தீரவில்லை. வயலிலிருந்து வரும் வரத்தைக் குறைக்காமல் வாயை மட்டும் அகலப்படுத்தினால் அவ்வளவுதான் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். நம்மூரில் முகத்துவாரத்தைத் தூர்வாரினால் எல்லாம் சரியாகும் என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உப்பங்கழி:
ரொம்ப நன்றி சார், நன்றி அக்கா. படலம் நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது, போட்டோ எடுத்து வைத்துவிட்டேன். சார், மொத்த பாஸ்பரஸை மட்டும் அளந்தால் போதாதா? எங்கள் லேபில் அதுதான் சுலபம்.

பழைய வாத்தியார்:
போதாது தம்பி. முகத்துவாரச் சேற்றில் சிப்பித் தூளும், அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் கனிமமும் இருக்கும். கால்சியத்தோடு கட்டிய அந்த பாஸ்பரஸ் ஆக்சிஜன் போனாலும் அசையாது. மொத்தம் ஒரே அளவாக உள்ள இரண்டு சேற்றில் ஒன்று தண்ணீரைக் கெடுக்கும், இன்னொன்று சும்மா கிடக்கும். ருட்டன்பர்க் என்ற ஆய்வாளர் 1992இல் வெளியிட்ட படிப்படியான பிரித்தெடுப்பு முறையைப் பின்பற்றுங்கள்: மெக்னீசியம் குளோரைடு, பிறகு சிட்ரேட்-டைதயோனைட், அப்புறம் அசிடேட், அமிலம், கடைசியில் 550 டிகிரியில் எரித்து மறுபடி அமிலம். இரண்டாவது படியில் உள்ள சிட்ரேட், பாஸ்பேட்டை அளக்கும் மாலிப்டேட் நீல நிறச் சோதனையைக் கெடுக்கும், அந்தக் கரைசலுக்கு மட்டும் தனிமங்களை நேரே அளக்கும் ஐசிபி கருவி கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். பாட்டில்களை சோப்புப் பொடியால் கழுவாதீர்கள், அதிலேயே பாஸ்பேட் இருக்கலாம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள்.