மறு: டீப் யூடெக்டிக் சால்வென்ட்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். பழச்சாற்றில் பூஞ்சைக்கொல்லி எச்சத்தைக் கண்டறிவது பற்றிய நம் கட்டுரையில் டீப் யூடெக்டிக் சால்வென்ட் வருகிறது. இரண்டு பொருள்கள் சேர்ந்து, தனித்தனியே உருகுவதைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே திரவமாகிவிடும் கரைப்பான் அது. அதற்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம்.

> ‘ஆழ்நல்லுருகு கரைப்பான்’ என்று வைத்துவிடலாமே. மூலச்சொல்லுக்கு அப்படியே பொருந்துகிறது.

பொருந்துகிறது, சிக்கலே அதுதான். 1884-இல் ஃபிரெடரிக் கத்ரி யூடெக்டிக் என்று பெயர் வைத்தபோது ‘எளிதில் உருகுவது’ என்ற கிரேக்கப் பொருளை எடுத்துக்கொண்டார். நாம் அதைத் துண்டு துண்டாகப் பெயர்த்து முன்னால் ‘ஆழ்’ சேர்த்தால், படிப்பவருக்கு ஆழ்கடலும் ஆழ்துளையும்தான் நினைவுக்கு வரும். இங்கே ஆழம் என்பது உருகுநிலை எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதைக் குறிக்கிறது. கோலின் குளோரைடு 302 பாகை செல்சியசில் உருகும், யூரியா 133-இல். ஒரு பங்கு கோலின் குளோரைடுக்கு இரண்டு பங்கு யூரியா என்ற மூலக்கூற்று விகிதத்தில் சேர்த்தால் கலவை 12 பாகையிலேயே திரவமாகிவிடுகிறது. 2003-இல் இந்தக் கலவை பற்றிய ஆய்வு வெளிவந்த பிறகுதான் ‘டீப்’ ஒட்டிக்கொண்டது.

பொருளைக் கண்ணால் பார்த்தால் பெயர் தானாக வரும். புதினா உப்பையும் (மெந்தால்) ஓம உப்பையும் (தைமால்) கல்வத்தில் போட்டு அரையுங்கள். இரண்டுமே படிகங்கள், தனித்தனியே வைத்தால் அறையில் உருகாது. சேர்த்து அரைக்க அரைக்க முதலில் பிசுபிசுக்கும், அப்புறம் எண்ணெய்போல் ஓடும். அடுப்பே வேண்டாம். இந்தத் திரவத்தில் சில துளிகளைப் பழச்சாற்றில் விட்டுக் குலுக்கினால் சாறு பால்போல் கலங்கும். டெபுகோனசோல் போல நீரைவிட எண்ணெயை விரும்பும் பூஞ்சைக்கொல்லிகள் அந்த நுண்துளிகளுக்குள் ஏறிவிடும். மையவிலக்கியில் சுழற்றினால் மேலே ஒரு மெல்லிய படலம் மிதக்கும். அதை உறிஞ்சி, கலவையைக் கூறு கூறாகப் பிரித்துக் காட்டும் நிறப்பிரிகைக் கருவியில் (குரோமட்டோகிராஃப்) செலுத்த வேண்டியதுதான். இங்கே சில துளிகள்தான்; உணவிலிருந்து பூச்சிக்கொல்லி எச்சத்தைப் பிரித்தெடுக்கப் பரவலாகப் பயன்படும் கெச்சர்ஸ் (QuEChERS) முறையில் 10 கிராம் மாதிரிக்கு 10 மில்லிலிட்டர் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான் போகிறது. அதுவே பழைய முறைகளைவிடச் சிக்கனமானது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

> ‘பசுமைக் கரைப்பான்’ போதாதா? எல்லோருக்கும் புரியும்.

புரியும். ஆனால் அது பொருளின் பெயரில்லை, பொருளுக்கு நாம் கொடுக்கும் சான்றிதழ். கோலின் குளோரைடோடு எத்திலீன் கிளைக்கால் சேர்த்தாலும் இதே வகைக் கரைப்பான்தான் கிடைக்கும்; எத்திலீன் கிளைக்காலோ நச்சு. அதையும் ‘பசுமை’ என்று கூப்பிடுவோமா?

என் பரிந்துரை: யூடெக்டிக் கலவைக்குக் கூட்டிளகி. கூடியதால் இளகுவது. நுண்ணோக்கி, குளிரூட்டி போல வாயில் நிற்கும். நம் பொருள் கூட்டிளகிக் கரைப்பான். யூடெக்டிக் வெப்பநிலை கூட்டிளகு நிலை.

> இளகுவது வேறு, உருகுவது வேறு இல்லையா ஐயா?

வேறுதான், அதனால்தான் எடுத்தேன். உருகு என்றதும் தமிழ்க் காதுக்கு நெருப்பு தெரிகிறது. மழை பெய்தால் மண் இளகும், உருகாது. கல்வத்தில் நடப்பது இரண்டாவது வகை. ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த பற்றாசுக்கு (உலோகத்தை ஒட்டவைக்கும் சால்டர்) இது கொஞ்சம் இடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். 183 பாகைச் சூடு இல்லாமல் அது அசையாது. இருந்தாலும் தனி ஈயத்துக்கு 327, வெள்ளீயத்துக்கு 232. சேர்ந்ததால் சீக்கிரம் இளகியது என்ற கணக்கு அங்கேயும் நிற்கிறது.

‘டீப்’ எங்கே என்று கேட்பீர்கள். விட்டுவிட்டேன். பற்றாசைக் கரைப்பானாக யாரும் பயன்படுத்தப் போவதில்லை, ‘கரைப்பான்’ என்ற சொல்லே பிரித்துக் காட்டிவிடும். வேண்டுமானால் கட்டுரையின் முதல் இடத்தில் மட்டும் ‘உருகுநிலை மிகத் தாழ்ந்த’ என்று ஒரு அடைமொழி போடலாம்.

இன்னொன்று. தலைப்பில் ‘பூஞ்சைக்கொல்லி எச்சம்’ என்று வருகிறது. எச்சம் என்றால் பறவை நினைவு வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். வரட்டும், வினையெச்சம் படிக்கும்போது யாரும் மேலே பார்ப்பதில்லை.

கூட்டிளகிக்கு மறுப்பு இருந்தால் இந்த வாரமே எழுதுங்கள். கட்டுரையில் பதினோரு இடத்தில் மாற்ற வேண்டியிருக்கிறது.

அன்புடன்