பழைய வங்கிக் கட்டடத்தில் கலாசார நிலையம்: தரம் 10 பிள்ளைகளைக் கூட்டிப்போக என்ன ஆயத்தம் வேண்டும்?

மலைச்சாரல் டீச்சர்:
வரலாறு படிக்கும் தரம் 10 பிள்ளைகள் 38 பேரை, டவுனில் பழைய வங்கிக் கட்டடத்தில் இயங்கும் கலாசார நிலையத்துக்குக் கூட்டிப்போகிறோம். முன்பு வங்கியின் காசு கொடுக்கல் வாங்கல் நடந்த பெரிய ஹோலில் கண்காட்சியும் சின்ன மேடையும் இருக்கின்றன. பின்னால், வங்கி காசைப் பூட்டி வைத்த ஸ்ட்ரோங் ரூமை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் தப்பு மேளம் அடித்து ஒரு கும்மியும் ஆடப்போகிறார்கள். வலயக் கல்விப் பணிமனை அனுமதி, பெற்றோர் கடிதம் எல்லாம் கையில் உண்டு. உள்ளே போனபிறகு எதைக் காட்டுவது, எதில் கவனம் வேண்டும்?

சுண்ணாம்புச்சாந்து:
டீச்சர், முதலில் ஸ்ட்ரோங் ரூமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆபத்து அங்கேதான்.

ஜன்னல் இல்லாத, தடித்த சுவர் வைத்த அறை அது. காற்றுக்கு மேலே சின்னத் துவாரம் இருந்தால் உண்டு, அதுவும் பல இடங்களில் அடைபட்டுப் போயிருக்கும். 38 பேரையும் ஒன்றாக விட்டால் கொஞ்ச நேரத்திலேயே புழுங்கிவிடும். எட்டுப் பேராக, ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாமல் அனுப்புங்கள். வீசிங் உள்ள பிள்ளைகள் வாசலில் நின்றே பார்க்கலாம்.

இரும்புக் கதவின் விளிம்பைக் கவனியுங்கள். கைப்பிடிச் சக்கரத்தைச் சுற்றினால் அந்த விளிம்பிலிருந்து தாழ்த்தண்டுகள் வெளியே நீளும். கதவைத் திறந்து வைத்து, தண்டுகளை வெளியே நீட்டிய நிலையில் பூட்டிவிட்டால், யார் தள்ளினாலும் கதவு நிலைச்சட்டத்தில் பொருந்தாது. அப்படிச் செய்து தரும்படி முதல் நாளே பொறுப்பாளரிடம் கேளுங்கள். தண்டுகள் உள்ளே இழுத்தபடி கிடக்க, ஒரு பிள்ளை விளையாட்டுக்குக் கதவைச் சாத்திச் சக்கரத்தைச் சுற்றினால் பெரிய சிக்கல். வங்கி போய்ப் பல வருடமான கட்டடத்தில் கொம்பினேஷன் இலக்கம் தெரிந்த ஆள் இருப்பார் என்று நம்ப முடியாது. ஒரு ஆசிரியர் கதவடியிலேயே நிற்க வேண்டும்.

உள்ளே இன்னொரு கம்பிக் கதவு இருந்தால் அதையும் காட்டுங்கள். வங்கி நடந்த நாளில், பகலில் இரும்புக் கதவைத் திறந்துவிட்டு, காற்று வரக் கம்பிக் கதவை மட்டும் பூட்டி வைப்பார்கள். இரும்புக் கதவில் இரண்டு சாவித் துவாரம் இருந்தால் ஒரு சாவி மெனேஜரிடம், மற்றது சிறாப்பரிடம் (காசாளரிடம்) இருந்திருக்கும். தனி ஆளால் திறக்க முடியாது. பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும்.

மழைக்காலமென்றால் குடைகளை வெளியிலேயே வையுங்கள். தேய்ந்த தரையில் தண்ணீர் சொட்டினால் வழுக்கும். போயா தினத்தில் (பௌர்ணமி விடுமுறையில்) நிலையம் திறந்திருக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சல்லிக்காசு:
மேலே சொன்னது சரி. ஆனால் ஸ்ட்ரோங் ரூமை முதலில் காட்டாதீர்கள். அதைப் பார்த்தபிறகு பிள்ளைகளுக்கு வேறெதிலும் மனம் போகாது. கவுன்டரில் தொடங்குங்கள்.

இலங்கையின் இந்த மலைநாட்டில் வங்கி ஏன் வந்தது என்று கேளுங்கள். தோட்டத்துக்குக் கடன் வேண்டும், மாதாமாதம் சம்பளக் காசு வேண்டும். காப்பி இலைநோய் 1869ல் மடுல்சீமைப் பக்கம் தெரிய வந்தது. தோட்டங்கள் விழ விழ, அவற்றுக்குக் கடன் கொடுத்த ஓரியன்டல் வங்கியும் 1884 மே மாதம் கதவைச் சாத்தியது. அன்று ஊரில் புழங்கிய நோட்டுகளில் பல அந்த வங்கியினுடையவை. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அவற்றுக்கு அரசு பொறுப்பு என்று அறிவித்தபிறகுதான் பீதி அடங்கியது. அரசே நோட்டு வெளியிடும் சட்டமும் அதே வருடம் வந்தது. ரயில் ஹட்டனைத் தொட்டதும் 1884லேயே. நான்கு வருடம் கழித்து, 1888ல், தோட்டத் துரைமாருக்காகத் தொடங்கிய ஹட்டன் வங்கிதான் 1970ல் ஹட்டன் நஷனல் வங்கி ஆனது.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: தோட்டத் தொழிலாளரான எங்கள் ஆட்கள் அந்தக் கவுன்டருக்கு முன்னால் நின்றவர்கள் இல்லை. காசு வங்கியிலிருந்து தோட்ட ஒபிசுக்குப் போய், பிடித்தம் போக மிஞ்சியதுதான் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு வந்தது. ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணி கொடுத்த முற்பணம், அரிசிக் கணக்கு எல்லாம் கழிந்துவிடும். கடன் தொகையைத் துண்டில் எழுதி, அதைக் கட்டும் தோட்டத்துக்கு ஆளை மாற்றும் வழக்கம் 1921ல்தான் சட்டப்படி ஒழிந்தது. கண்காட்சியில் பழைய காப்பித் தோட்ட டோக்கன்கள் இருந்தால், வங்கி நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எது டவுனில் செல்லும், எது தோட்டத்துக்குள் மட்டும் செல்லும் என்று அவர்களே பேசட்டும்.

பழைய நோட்டு, கணக்குப் புத்தகங்களைப் படமெடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம்.

மலைச்சாரல் டீச்சர்:
நன்றி. தாழ்த்தண்டு விஷயத்தை நாளைக்கே பேசிவிடுகிறேன். தப்பைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். ஹோலின் கூரை நல்ல உயரம்.

பெரட்டுத்தப்பு:
உயர்ந்த கூரையும் வெறும் சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும் டீச்சர். நான்கு தப்பு ஒன்றாக அடித்தால் தாளம் கேட்காது, இரைச்சல்தான் கேட்கும். இரண்டு போதும். ஹோலின் நடுவில் நிற்காமல், பலகைக் கவுன்டரையோ திரைச்சீலையையோ முதுகுக்கு வைத்து நிற்கட்டும். கும்மியையும் வழக்கமான வேகத்தைவிட ஒரு காலம் குறைத்து எடுங்கள், இல்லாவிட்டால் முந்தின தட்டும் அடுத்த தட்டும் கலந்துவிடும்.

நம் குளிரிலும் ஈரத்திலும் தோல் சீக்கிரம் தளரும். பழைய பலகைக் கட்டடத்துக்குள் நெருப்புக் கூடாது. பின்முற்றத்தில் வைக்கோலோ காகிதமோ கொளுத்தக் கேட்டு வைத்து, மேடையேறக் கொஞ்சம் முன்னால் காய்ச்சுங்கள். சுவாலைக்கு ஒரு முழம் மேலே, தப்பைச் சுற்றிக்கொண்டே பிடிக்க வேண்டும். ஒரே இடத்தில் பிடித்தால் தோல் வெடிக்கும், விளிம்பில் சூடேறினால் பசை விட்டுவிடும். விரலால் சுண்டினால் ‘டண்’ என்று கேட்கும்போது எடுத்துவிடுங்கள். பேச்சும் வரவேற்பும் நீண்டால் மறுபடி தளர்ந்துபோகும். அதனால் நிகழ்ச்சியை முதலில் வைத்து, உரைகளைப் பின்னுக்குத் தள்ளச் சொல்லுங்கள்.

காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, எழுப்பியதும் இந்தத் தப்புத்தான் என்று அறிவிப்பாளர் பிள்ளை ஒரு வரி சொல்லட்டும்.