அப்பாயியின் 31ஆம் நாள் அட்டை

குழு: டன்சினன் குடும்பம்

நான்: அனைவருக்கும் வணக்கம். அப்பாயியின் நினைவு அட்டையை நாளை நண்பகலுக்குள் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். தமிழ்ப் பக்கத்தில் ‘மலையகம், பூண்டுலோயா, டன்சினன் தோட்டத்தைப் பிறப்பிடமாகக் கொண்ட’ என்று இருக்கிறது. ஆங்கிலப் பக்கத்தில் நம் இலங்கை மலையகத்துக்கு ‘ஹைலண்ட்ஸ்’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

எடின்பரோ அக்கா: தம்பி, அந்தச் சொல் வேண்டாம். இங்கே ‘ஹைலண்ட்ஸ்’ என்றால் ஸ்கொட்லாந்தின் வடமேற்கு மலைப்பகுதி என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். டன்சினன் என்பதும் இங்கே பெர்த் நகருக்கு அருகில் உள்ள ஒரு குன்றின் பெயர். இரண்டையும் ஒரே வரியில் பார்த்தால் அப்பாயி இங்கே பிறந்தவர் என்றே நினைப்பார்கள்.

அத்தை: பெரியண்ணனிடம் கேளுங்கள்.

பெரியப்பா: பொதுப்பெயராக வரும்போது ‘ஹைலண்ட்’ என்பதற்கு உயர்ந்த நிலம் என்று மட்டுமே பொருள். சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகிய மூன்றையும் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த யுனெஸ்கோ, அவற்றுக்கு ‘சென்ட்ரல் ஹைலண்ட்ஸ் ஒஃப் ஸ்ரீலங்கா’ என்றே பெயரிட்டது. ஆகவே சொல்லில் பிழை இல்லை. ஆனால் அது காட்டுக்கும் சிகரத்துக்கும் உரிய சொல். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, கொழுந்துக் கூடையோடு வாழ்ந்து முடித்த அம்மாவை அந்தச் சொல்லுக்குள் என்னால் பார்க்க முடியவில்லை.

சித்தப்பா: ‘அப்கண்ட்ரி’ என்று போடுங்கள். கொழும்பில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பெரியப்பா: தம்பி, ஆங்கிலத்தில் ‘அப்கண்ட்ரி’ என்றால் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் நாட்டுப்புறம், அங்கே மலை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1815இல் பிரித்தானியர் கைக்கு வந்த கண்டி இராச்சியத்தைச் சிங்களத்தில் ‘உடரட்ட’, அதாவது மேல்நாடு, என்று அழைப்பதால்தான் இலங்கையில் அந்தச் சொல்லுக்கு மலைநாடு என்ற பொருள் அமைந்தது. தனியாக எழுதினால் அது கண்டிச் சிங்களவரையும் குறிக்கும்.

காவத்தைச் சித்தி: இரத்தினபுரிப் பக்கம் தாழ்ந்த தோட்டத்தில் இருக்கும் நாங்கள் மலையகத்தில் சேர மாட்டோமா?

பெரியப்பா: நிச்சயமாகச் சேர்வீர்கள். தேயிலையைத்தான் 4,000 அடிக்கு மேல் விளைந்தால் ‘ஹை குரோன்’ என்று பிரிப்பார்கள். சனத்தை அப்படி அடிக்கணக்கில் பிரிக்க முடியாது.

சித்தப்பா: ஓர் அட்டைக்கு எதற்கு இவ்வளவு, அண்ணா? பூண்டுலோயா என்றாலே போதும்.

அத்தை: உன் மகளின் கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டாய். அம்மா அதை என்னிடம் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு ஒன்றும் பேசவில்லை.

காவத்தைச் சித்தி: வேன் எத்தனை மணிக்கு வரும் என்று யாராவது சொல்லுங்கள்.

சித்தப்பா: மாப்பிள்ளை வீட்டார் ‘தோட்டக்காட்டார்’ என்று ஒரு சொல் இழிவாகச் சொல்லிவிடுவார்களோ என்று அன்று பயந்தேன், அக்கா. அது தவறுதான்.

பெரியப்பா: அதை இப்போது விடுங்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அம்மா நாடற்றவர் ஆனார். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. அதற்குப் பிறகும் படிவங்களில் ‘இந்தியத் தமிழர்’ என்றே எழுதினார்கள். மலையகத் தமிழர் என்பது நாம் விரும்பி ஏற்றுக்கொண்ட பெயர். நம் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைத்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களும் அந்தப் பெயரோடுதான் நடந்தார்கள். ஆகவே ‘மலையகம்’ என்பதை ஆங்கில எழுத்தில் அப்படியே போட்டு, புரியாதவர்களுக்காக அருகில் ‘ஹில் கண்ட்ரி, ஸ்ரீலங்கா’ என்று சேர்க்கலாம் என்பது என் கருத்து.

எடின்பரோ அக்கா: அது எனக்கும் சம்மதம். ஆனால் ஆங்கில எழுத்தில் சிலர் ‘மலையஹ’ என்றும், சிலர் ‘மலையக’ என்றும் எழுதுகிறார்கள். நாம் எதைப் போடுவது?

சித்தப்பா: அம்மா எப்படிச் சொல்வாரோ அப்படியே போடுங்கள்.

அத்தை: அம்மா மலையகம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ‘நம்ம தோட்டம்’ என்றுதான் சொல்வார்.

நான்: ‘ஹைலண்ட்ஸ்’ என்பதை நீக்கிவிட்டேன். எழுத்துக்கூட்டலை மட்டும் காலை 10 மணிக்குள் பெரியப்பாவும் சித்தப்பாவும் பேசி எனக்குச் சொல்லுங்கள். சித்தி, வேன் காலை 4 மணிக்குக் காவத்தைக்கு வந்துவிடும்.