கறையான் தின்ன மரத்தைச் செரிக்க வைக்கிற ஒருசெல் உயிரிங்க அதோட குடலுக்குள்ள இருக்கிறதை நேர்ல பாத்தவங்க இருக்கீங்களா?

காட்பாடி விலங்கியல்:
எம்.எஸ்சி. படிக்கும்போது நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகல. வீட்டுல தாத்தா காலத்து மர பீரோ. அடியில தினமும் கசகசா மாதிரி மணி மணியாக் கொட்டும், அம்மா பெருக்கி ஓஞ்சிடுவாங்க. ஒருநாள் பலகையைத் தட்டி, விழுந்த கறையான்ல பத்தைப் புடிச்சு டப்பாவுல போட்டு லேபுக்கு எடுத்துட்டுப் போனேன். வால்பக்கத்தை இடுக்கியால இழுத்து, சலைன்ல, அதாவது உப்புத்தண்ணியில, குடலைக் கிழிச்சு, கவர்ஸ்லிப் போட்டேன். நூறு மடங்குல பாத்தா ஊசி குத்த இடமில்ல. உடம்பு பூரா இழையோட அந்த உயிரிங்க ஒண்ணையொண்ணு இடிச்சுக்கிட்டு ஓடுதுங்க. அதுல ஒண்ணோட வயித்துக்குள்ள பழுப்பா ஒரு மரச்சிராய். எங்க பீரோ! அதையே பாத்துட்டிருந்தேன். கொஞ்ச நேரத்துல இழை அசையறது குறைஞ்சு, உருண்டையா ஊதி, உடைஞ்சு போச்சு. சிராய் மட்டும் தனியா மிதந்தது. காத்து பட்டா சாகும்னு படிச்சவன்தான் நான். ஆனா அதைக் கண்ணு முன்னால பாக்கறது வேற அனுபவம்.

ஆரணி டீச்சர்:
சார், நானும் இதை நம்பி எட்டாம் வகுப்புப் பிள்ளைங்களை ஏரிக்கரைப் புத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். நாலு கறையானைக் கிழிச்சுப் பாத்தோம். நீங்க சொல்ற மாதிரி ஒண்ணுகூட இல்ல. "டீச்சர், நம்ம ஊரு கறையானுக்கு மட்டும் இல்லையா?"னு ஒரு பொண்ணு கேட்டா. பதில் சொல்லத் தெரியாம நின்னது இன்னிக்கும் உறுத்துது. கறையான்னாலே வயித்துல இந்த உயிரி உண்டுன்னு எல்லாரும் எழுதறது தப்பு சார்.

சேண்பாக்கம்:
டீச்சர், தப்பு பாதிதான். புத்துக் கட்டறது வேற கறையான். எங்க மனையில அஸ்திவாரம் தோண்டும்போது மண்வெட்டி ஒரு புத்துக்குள்ள எறங்கிடுச்சு. உள்ள தேன்கூடு மாதிரி பழுப்பா ஓட்டை ஓட்டையா ஒரு கட்டி, அது மேல கடுகளவு வெள்ளை உருண்டைங்க. கையில எடுத்தா லேசான சூடு, ஈரம். அதுதான் அதுங்க காளான் தோட்டம். மரத்தையும் சருகையும் தின்னு, எச்சமா அந்தக் காளான்கிட்ட குடுத்து மக்க வெச்சுத்தான் சாப்பிடுது. ஐப்பசி மழைக்கு நாம பறிக்கிற புத்துக்காளான் அங்கிருந்து கிளம்பறதுதான். அதுங்க குடல்ல பாக்டீரியா உண்டு, இந்த இழை உயிரி இல்ல. உலகத்துக் கறையான் இனங்கள்ல முக்கால்வாசிக்கு இல்ல. அந்தப் பொண்ணு கேட்டது சரியான கேள்வி. அவளைக் கூப்பிட்டுச் சொல்லுங்க.

வாலாஜா:
காட்பாடி சார் சொல்றதுல எனக்குச் சந்தேகம். அமெரிக்காவுல கிளீவ்லேண்ட்னு ஒருத்தர் 1920கள்ல கறையானை 36 டிகிரி சூட்டுல ஒரு நாள் வெச்சார். உள்ள இருந்த உயிரி மட்டும் செத்துச்சு, கறையான் பிழைச்சுது. அப்புறம் மரத்தைத் தின்னுக்கிட்டே இருந்தும் சில வாரத்துல பட்டினியில செத்துச்சு. நம்ம ஊர்ல சித்திரையில 40 டிகிரி தாண்டுது. அப்புறம் எப்படி இருக்கும்?

காட்பாடி விலங்கியல்:
அவர் வெச்சது அந்த ஊரு இனம் சார். அதோட கணக்கை நம்ம ஊர்க் கறையானுக்குப் போட முடியாது. நான் கண்ணால பாத்தேன்.

குடியாத்தம் மரவேலை:
எங்க அக்கா வீட்டு ஊஞ்சல் பலகை, மேல வழவழன்னு இருந்தது, பாப்பா உக்காந்ததும் அப்பளமா நொறுங்கிச்சு. நல்லவேளை அடி படல. அது கிடக்கட்டும், யாரும் கேக்கலைன்னாலும் சொல்லிடறேன். கீழ மணி மணியா விழுந்தா ஒண்ணை எடுத்து லென்ஸ்ல பாருங்க, ஆறு பட்டை இருக்கும். அது மரத்தூள் இல்ல, எச்சம். அந்தக் கறையான் மரத்துக்குள்ளயே குடியிருக்கு, மண்ணுக்கு வராது. அதனால தரையில துளை போட்டு மருந்து ஊத்தறேன்னு வர்றவங்ககிட்ட இதுக்குப் பணம் குடுக்காதீங்க. மண் பூசின கோடு சுவத்துல ஏறினா அது வேற கதை, அதுக்குத்தான் தரை மருந்து. பலகையைத் தட்டிப் பாருங்க, பொத்துன்னு சத்தம் வந்தா அந்தத் துண்டை அறுத்து வெளிய போட்டு எரிங்க. மேல வார்னிஷ் அடிச்சு மறைக்காதீங்க. பழைய சாமான் வாங்கும்போது அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாத்துட்டு வாங்குங்க.

ஆரணி டீச்சர்:
ஆறு பட்டையா! எங்க ஸ்கூல் ஸ்டோர் ரூம் பழைய பெஞ்சுக்கு அடியில இதேதான் கொட்டிக் கிடக்கு. திங்கக்கிழமை பாத்துடறேன். சார், சலைனுக்கு உப்பு எவ்வளவு?

காட்பாடி விலங்கியல்:
100 மில்லி தண்ணிக்கு 0.6 கிராம். குடலை அந்த உப்புத்தண்ணிக்குள்ள வெச்சே கிழிங்க, வெளிய எடுக்காதீங்க. மைக்ராஸ்கோப்பை முன்னாடியே சரிபண்ணி வெச்சிடுங்க, நேரம் ரொம்பக் கம்மி. அப்பத்தான் தன் தோலை உரிச்ச கறையானா இருந்தா வயிறு காலியா இருக்கலாம். உரிக்கும்போது குடல் உறையோட எல்லாம் போயிடும், கூட இருக்கிறதுங்களோட பின்பக்கத்தை நக்கித்தான் மறுபடி நிரப்பிக்கும். அதனால ரெண்டு மூணு எடுத்துப் பாருங்க. அந்தப் பொண்ணை முதல்ல பாக்க விடுங்க டீச்சர்.