போஸ்ட்கிரெஸ் 16 போட்டதுல இருந்து எல்லாம் அப்டியே நிக்குது, அவசரம்

கடைசிபெஞ்ச்:
வணக்கம், அவசரமா ஒரு உதவி. டேட்டாபேஸ் புது வெர்ஷன் போட்டேன், போடும்போதே ஏகப்பட்ட தகராறு, ஸ்டார்ட்டே ஆகல, எப்டியோ ஒப்பேத்தி ஏத்திட்டேன், இப்ப என்னன்னா ஆப் திடீர்னு நின்னுடுது, யாருக்கும் ஒரு பக்கம்கூட திறக்கல, சர்வருக்குள்ள போய் பாத்தா சிபியு நிம்மதியா தூங்குது. ரீஸ்டார்ட் பண்ணா சரியாகுது, கொஞ்ச நேரத்துல பழைய குருடி கதவைத் திறடி. முன்னாடி இருந்த வெர்ஷன்ல இப்டி ஒரு நாளும் வந்ததில்ல. எந்த செட்டிங் மாத்தணும்னு மட்டும் சொன்னா போதும். மேனேஜர் முதுகுக்குப் பின்னாடியே நிக்கிறார்.

ராத்திரிஷிப்ட்:
எந்த வெர்ஷன்ல இருந்து 16-க்கு வந்தீங்க? ஓஎஸ் என்ன? ரேம் எவ்ளோ? டேட்டாவ டம்ப்பா வெளிய எடுத்து புதுசுல ரீஸ்டோரா, இல்ல பழைய டேட்டா டைரக்டரியவே மாத்தற பிஜி_அப்கிரேடா? "கொஞ்ச நேரம்"னா அஞ்சு நிமிஷமா, அஞ்சு மணி நேரமா? ஸ்டார்ட் ஆகலன்னீங்களே, லாக் ஃபைல்ல என்ன எரர் இருந்துச்சு?

இண்டெக்ஸ்பைத்தியம்:
இண்டெக்ஸ் இல்ல. கண்ண மூடிட்டு சொல்றேன். எக்ஸ்பிளெயின் அனலைஸ் போட்டு குவெரி எப்டி ஓடுதுன்னு பாருங்க, எங்கயோ ஒரு பெரிய டேபிள்ல சீக்வென்ஷியல் ஸ்கேன் (முழு டேபிளையும் படிக்கிறது) ஓடிட்டு இருக்கும்.

ராத்திரிஷிப்ட்:
@இண்டெக்ஸ்பைத்தியம் அப்டி இருந்தா சிபியுவோ டிஸ்க்கோ கத்தணுமே. அவர்தான் தூங்குதுங்கறாரே.

பஃபர்பிரியன்:
ஷேர்டு_பஃபர்ஸ் (டேட்டாவ ரேம்ல வச்சுக்கற இடம்) என்ன வச்சிருக்கீங்க? புதுசா போட்டா டிஃபால்ட் 128 எம்பிதான் இருக்கும். டெடிகேட்டட் சர்வர்னா ரேம்ல கால்வாசியில ஆரம்பிக்கணும், அத செய்யாம வேற எதைப் பேசியும் பிரயோஜனம் இல்ல.

மேனுவல்முதல்ல:
வருஷக்கணக்கா இதையே பாக்குறேன். "நிக்குது"ங்கறது ஒரு எரர் மெசேஜ் இல்ல தம்பி. டாக்டர்கிட்ட போய் "உடம்பு என்னமோ பண்ணுது, மாத்திரை பேர் மட்டும் சொல்லுங்க"ன்னு கேப்பீங்களா? முதல்ல ரிலீஸ் நோட்ஸ் படிச்சீங்களா? மேனுவல்ல எக்ஸ்ப்ளிசிட் லாக்கிங்னு, ஒருத்தர் போடற பூட்டுக்கு இன்னொருத்தர் எப்ப காத்திருக்கணும்னு ஒரு பகுதியே இருக்கு. அத ஒரு வாட்டியாவது திறந்து பாத்துட்டு வாங்க, அப்பறம் பேசலாம்.

கடைசிபெஞ்ச்:
சாரி, அவசரத்துல எழுதிட்டேன். டெபியன், 32 ஜிபி ரேம், 12-ல இருந்து வந்தேன் (12-க்கு 2024 நவம்பரோட சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, ஆடிட்ல கேட்டாங்க, அதான்). டம்ப் எடுத்து ரீஸ்டோர். இன்ஸ்டால் கதை என்னன்னா, 16 தானா 5433 போர்ட்ல போய் உக்காந்துடுச்சு, ஏன்னு புரியல, சரி பழைய கான்ஃப் ஃபைல (செட்டிங் ஃபைல்) அப்டியே தூக்கி புதுசு மேல போட்டா எல்லாம் முன்ன மாதிரி ஆயிடும்னு 12-ஐ நிறுத்திட்டு காப்பி பண்ணேன். டேட்டா டைரக்டரி 12-ல உருவானது, 16-க்கு ஒத்துவராதுன்னு சொல்லி ஸ்டார்ட் ஆகவே மாட்டேன்னுடுச்சு. ஒரு ராத்திரி முழுக்க அதுலயே போச்சு. கடைசியில அந்த ஃபைல தூக்கி கடாசிட்டு பேக்கேஜோட வர்ற டிஃபால்ட் கான்ஃபையே வச்சு, போர்ட்ட மட்டும் 5432-ன்னு மாத்தி, டேட்டாவ ரீஸ்டோர் பண்ணேன். நிக்கிறது எப்பன்னா... குத்துமதிப்பா ஒரு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி. எல்லா மணிக்கும் இல்ல.

பஃபர்பிரியன்:
பாத்தீங்களா, டிஃபால்ட் கான்ஃப். 128 எம்பி. நான் அப்பவே சொன்னேன்.

ராத்திரிஷிப்ட்:
நடந்தது என்னன்னா, டெபியன் கான்ஃப் ஃபைலுக்குள்ளயே டேட்டா_டைரக்டரின்னு ஒரு வரி இருக்கும், அதுல 12-ஓட பாதை எழுதியிருக்கும். நீங்க ஃபைல காப்பி பண்ணதும் 16 போய் 12-ஓட வீட்டுக் கதவைத் தட்டியிருக்கு, உள்ள இருந்தவன் தொரத்திட்டான். அந்த மாதிரி பாதை வரிகளை மாத்தி, 16-ல இல்லாத பழைய செட்டிங் வரிகளை எடுத்திருந்தா போதும். 5433-ம் தப்பு இல்ல, 5432-ல ஏற்கனவே 12 இருந்ததால அடுத்த காலி போர்ட்ட எடுத்துக்கிச்சு.

இன்னொண்ணு, இப்பவே பாத்துடுங்க. பழைய 12 கிளஸ்டரோட (அந்த வெர்ஷனோட டேட்டாவும் செட்டிங்கும் சேந்தது) ஸ்டார்ட்.கான்ஃப் ஃபைல்ல இன்னும் "ஆட்டோ"ன்னு இருந்தா, என்னைக்காவது சர்வரே ரீபூட் ஆச்சுன்னா ரெண்டும் 5432-க்கு முட்டும். எது முந்துதோ அதுதான் ஆப்புக்கு பதில் சொல்லும். ஜெயிச்சது 12-ன்னா பழைய டேட்டா மேல புது எண்ட்ரி விழும், அத பிரிச்செடுக்கறது நரகம். பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் அடிச்சு பாருங்க, 12-ஐ "மேனுவல்"னு மாத்துங்க.

கடைசிபெஞ்ச்:
ஆட்டோன்னுதான் இருந்துச்சு. மாத்திட்டேன். தெய்வமே. ஆனா இந்தப் பிரச்சனை?

வெட்டிஆபீசர்:
ரீஸ்டோர் பண்ணதுக்கப்பறம் அனலைஸ் ஓட்டினீங்களா? டம்ப்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதாவது எந்த டேபிள்ல என்ன எவ்ளோ இருக்குங்கற கணக்கு, வராது (18-லதான் அதுக்கெல்லாம் வழி வந்துச்சு). பிளானர் குருட்டாம்போக்குல பிளான் போடும். வாக்யூம்டிபி-ல அனலைஸ்-ஒன்லின்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத மொத்த டேட்டாபேஸுக்கும் ஒரு தடவ ஓட்டிடுங்க.

நடுவழி:
ஓஎஸ்ஸும் சேத்து மாத்துனீங்களா? கிளிப்சி (லினக்ஸோட அடிப்படை லைப்ரரி) 2.28 வந்தப்ப எழுத்து வரிசையே மாறி டெக்ஸ்ட் இண்டெக்ஸ் எல்லாம் கெட்டுப்போச்சு, ரீஇண்டெக்ஸ் பண்ணுங்க.

ராத்திரிஷிப்ட்:
டம்ப் ரீஸ்டோர்ல இண்டெக்ஸ் புதுசாதானே கட்டுது. பழைய டேட்டா டைரக்டரிய அப்டியே எடுத்துட்டுப் போனாதான் அந்த வம்பு. மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடாதீங்க.

கடைசிபெஞ்ச்:
பஃபர்ஸ் 8 ஜிபி ஆக்கிட்டேன், அனலைஸும் ஓட்டிட்டேன், ரெண்டுக்கப்பறமும் ஒரு தடவ நின்னுச்சு. இப்ப கூடவே "சாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி"ன்னு வேற வருது, அதனால மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் 100-ஐ 1000 ஆக்கி ரீஸ்டார்ட் பண்ணிட்டேன். இப்போதைக்கு ஓடுது. சரியாயிடுச்சுன்னு நினைக்கிறேன், எல்லாருக்கும் நன்றி.

மேனுவல்முதல்ல:
சரியாகல. வீட்டுக்குள்ள தண்ணி வருதுன்னு வீட்டப் பெருசாக்கியிருக்கீங்க.

ராத்திரிஷிப்ட்:
அவர் சொல்ற விதம் அப்டி, ஆனா சொல்றது சரி. உள்ள போன குவெரி எதுவும் வெளிய வராததாலதான் கனெக்‌ஷன் குவியுது, அது நோய் இல்ல, காய்ச்சல். போஸ்ட்கிரெஸ்ல கனெக்‌ஷன் ஒண்ணுக்கு ஒரு தனி ப்ராசஸ்ங்கறதையும் மறந்துடாதீங்க.

அடுத்த தடவ நிக்கும்போது தயவுசெஞ்சு ரீஸ்டார்ட் பண்ணாதீங்க, தடயம் எல்லாம் அதுலதான் அழிஞ்சுபோகுது. போஸ்ட்கிரெஸ் சூப்பர்யூசரா உள்ள போங்க (அவருக்குன்னு 3 இடம் எப்பவும் ஒதுக்கி வச்சிருக்கும், மத்த இடமெல்லாம் நிரம்பினாலும் நுழையலாம்). இப்ப யார் என்ன பண்றாங்கன்னு காட்டற பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டில இருந்து பிஐடி (ப்ராசஸ் நம்பர்), ஸ்டேட், வெயிட்_ஈவென்ட்_டைப், எக்ஸ்ஆக்ட்_ஸ்டார்ட், குவெரி, இதோட யாருக்காக நிக்குதுன்னு சொல்ற பிஜி_பிளாக்கிங்_பிஐடிஸ்ங்கற ஃபங்ஷனுக்குள்ள பிஐடிய குடுத்தா வர்றதையும் சேத்து எடுங்க. போன்ல தமிழ் கீபோர்டுல அடிக்கிறேன், பேரை எல்லாம் நீங்களே இங்கிலீஷ்ல போட்டுக்கங்க.

இண்டெக்ஸ்பைத்தியம்:
டெட்லாக்கா இருக்குமோ?

வெட்டிஆபீசர்:
டெட்லாக்னா அவன் இவனுக்காக, இவன் அவனுக்காக நிக்கணும். அத போஸ்ட்கிரெஸ் 1 செகண்ட் பொறுத்துப் பாத்துட்டு ஒருத்தனோட முடியாத வேலைத் தொகுப்ப, அதாவது ட்ரான்சாக்‌ஷன அதுவே ரத்து பண்ணிடும், லாக் ஃபைல்லயும் எழுதிடும். இவருக்கு அப்டி ஒண்ணும் வரலையே.

நடுவழி:
டெட்லாக்னு ஏன் சொல்லணும், முட்டுக்கட்டைன்னு அழகான தமிழ் வார்த்தை இருக்கு.

வெட்டிஆபீசர்:
முட்டுக்கட்டைன்னா ஒருத்தன் போட, இன்னொருத்தன் மாட்டிக்கிறது. டெட்லாக்ல ரெண்டு பேருமே மாட்டிக்கிறான். பொருந்தல.

நடுவழி:
பேச்சுவார்த்தையில முட்டுக்கட்டைங்கறமே, அங்க ரெண்டு தரப்பும்தானே நிக்குது?

மைஎஸ்கியூஎல்விசிறி:
இந்தத் தொல்லையே வேணாம்னுதான் நாங்க மைஎஸ்கியூஎல்ல இருக்கோம். அங்க ரோ லாக், அவனவன் வேலைய அவனவன் பாப்பான்.

ராத்திரிஷிப்ட்:
அங்க மட்டும் என்ன வாழுதாம்? ஒரு ட்ரான்சாக்‌ஷன திறந்து ஒரே ஒரு செலக்ட் போட்டுட்டு கமிட் பண்ணாம விடுங்க, இன்னொரு விண்டோல அதே டேபிளுக்கு ஆல்டர் (டேபிள் அமைப்ப மாத்தற கட்டளை) குடுங்க. "வெயிட்டிங் ஃபார் டேபிள் மெட்டாடேட்டா லாக்"னு நிக்கும், அதுக்குப் பின்னாடி வர்ற செலக்ட் எல்லாம் சேந்து நிக்கும். அந்த லாக்_வெயிட்_டைம்அவுட்டோட டிஃபால்ட் எவ்ளோன்னு பாருங்க. 31536000 செகண்ட். ஒரு வருஷம்.

மைஎஸ்கியூஎல்விசிறி:
டைம்அவுட் 50 செகண்ட். தப்பா சொல்லாதீங்க.

ராத்திரிஷிப்ட்:
50 இன்னோடிபில (மைஎஸ்கியூஎல்லோட இன்ஜின்) ஒரு வரிய பூட்டற ரோ லாக்குக்கு. நான் சொல்றது டேபிள் அமைப்ப காக்கற மெட்டாடேட்டா லாக். பேர் ஒரே மாதிரி இருக்கும், வேற வேற.

மைஎஸ்கியூஎல்விசிறி:
ப்ரொடக்‌ஷன்ல பகல்ல எவன் ஆல்டர் பண்ணுவான்.

மேனுவல்முதல்ல:
பண்ணுவாங்க. நீங்க நிறைய சர்வர் பாக்கல போல.

கடைசிபெஞ்ச்:
நின்னுடுச்சு நின்னுடுச்சு! ரீஸ்டார்ட் பண்ணல. நீங்க சொன்னத ஓட்டினேன். ஏகப்பட்ட வரி, அதுல 61 செலக்ட்டு, எல்லாம் லாக்னு (பூட்டுக்காக நிக்குதுன்னு) காட்டுது, பிளாக்கிங் காலத்துல பூராவும் ஒரே நம்பர், 20417. அந்த 20417 என்னன்னு பாத்தா ரெஃப்ரெஷ் மெட்டீரியலைஸ்டு வியூ (சேமிச்சு வச்ச குவெரி ரிசல்ட்ட புதுப்பிக்கிறது), முகப்புப் பக்கத்துக்கான சம்மரி, மணிக்கொரு தடவ கிரான்ல ஓடும். அத கொன்னுடவா? கில் மைனஸ் 9?

ராத்திரிஷிப்ட்:
வேணாம்!! ஒரு ப்ராசஸ கில் 9 பண்ணா போஸ்ட்கிரெஸ் எல்லா கனெக்‌ஷனையும் வெட்டிட்டு கிராஷ் ரெகவரிக்குப் போயிடும். அதோட 20417 பாவம், அதுவும் வரிசையில நிக்கிற ஆளுதான். அது யாருக்காக நிக்குதுன்னு பாருங்க.

கடைசிபெஞ்ச்:
19880. ஸ்டேட் "ஐடில் இன் ட்ரான்சாக்‌ஷன்". அதாவது திறந்து வச்சுட்டு சும்மா இருக்கு போல. குவெரி அதே வியூல ஒரு சாதா செலக்ட், லிமிட் 50. ஆரம்பிச்சு 42 நிமிஷம் ஆச்சு. வெறும் செலக்ட் எப்டிங்க 61 பேர நிறுத்தும்?

ராத்திரிஷிப்ட்:
வெறும் செலக்ட்டும் ஆக்சஸ் ஷேர்னு ஒரு சின்ன லாக் வச்சுக்கும். ட்ரான்சாக்‌ஷன் முடியுற வரைக்கும் விடாது. தனியா இருந்தா அதனால யாருக்கும் தொந்தரவு இல்ல. ஆனா ரெஃப்ரெஷ் கேக்கறது ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ், அதாவது வேற யாருமே உள்ள இருக்கக்கூடாது. அதனால அது வாசல்ல நிக்குது. அதுக்கப்பறம் வர்ற செலக்ட் எல்லாம் உள்ள இருக்கறவனோட சண்டை இல்லாட்டியும், வாசல்ல நிக்கிறவனத் தாண்டி போக முடியாது. முகப்புப் பக்கம் அந்த வியூவத்தான் படிக்குதுன்னா மொத்த ஆப்பும் காலி. யாரும் வேலையே செய்யல, எல்லாரும் காத்திருக்காங்க, சிபியு தூங்காம என்ன பண்ணும்?

19880-ஐ பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் குடுத்து அனுப்புங்க.

கடைசிபெஞ்ச்:
பிஜி_கேன்சல்_பேக்எண்ட் குடுத்தேன், ட்ரூன்னு வந்துச்சு, ஆனா ஒண்ணும் நடக்கல

வெட்டிஆபீசர்:
டெர்மினேட்னு சொன்னார், கேன்சல் இல்ல. கேன்சல் ஓடிட்டு இருக்கற குவெரியத்தான் நிறுத்தும். அந்த செலக்ட் எப்பவோ முடிஞ்சுபோச்சு, எத நிறுத்தும்?

கடைசிபெஞ்ச்:
டெர்மினேட் குடுத்தேன். ஒரே நொடி. 61-ம் ஓடிப்போச்சு. கை நடுங்குது இன்னும்.

ராத்திரிஷிப்ட்:
அடுத்த தடவ மாட்டினா அப்ளிகேஷன்_நேம், கிளையன்ட்_ஏடிடிஆர் ரெண்டும் பாருங்க, யாருன்னு தெரிஞ்சுடும். ஆட்டோகமிட் ஆஃப்ல இருக்கற (நாமளே கமிட் குடுத்து முடிக்க வேண்டிய) டூல் ஒண்ண யாரோ திறந்து வச்சுட்டு மீட்டிங் போயிருப்பாங்கன்னு என் பந்தயம். ரெஃப்ரெஷ கன்கரண்ட்லியா மாத்துங்க, வியூல ஒரு யூனிக் இண்டெக்ஸ் வேணும், நேரம் கொஞ்சம் கூட எடுக்கும், ஆனா படிக்கிறவங்கள நிறுத்தாது. கிரான் ஸ்கிரிப்ட்ல லாக்_டைம்அவுட் 5 செகண்ட் வச்சா, இடம் கிடைக்கலன்னா அதுவே போயிடும், வாசல அடைச்சுட்டு நிக்காது. லாக்_லாக்_வெயிட்ஸ் ஆன் பண்ணுங்க, பூட்டுக்காக யாராவது நின்னா லாக் ஃபைல்ல எழுதும், 16-ல டிஃபால்ட்டா ஆஃப்.

இண்டெக்ஸ்பைத்தியம்:
யூனிக் இண்டெக்ஸ் வேணும்னு வந்துடுச்சா இல்லையா? முதல் பதில்லயே சொன்னேன்.

வெட்டிஆபீசர்:
ஒண்ணு மட்டும் உறுத்துது. அதே கிரான், அதே டூல், அதே ஆளுங்க. 12-ல ஏன் வரல? கடாசின பழைய கான்ஃப் ஃபைல் எங்கயாவது இருக்கா? அதுல டைம்அவுட்னு தேடுங்க.

கடைசிபெஞ்ச்:
இருக்கு. ஐடில்_இன்_ட்ரான்சாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட் 10 நிமிஷம்னு ஒரு வரி. பக்கத்துல கமெண்ட்ல "இத எடுக்காதீங்க, காரணம் இருக்கு"ன்னு மட்டும் எழுதியிருக்கு. எழுதினவர் வேலைய விட்டுப் போயி நாளாச்சு.

வெட்டிஆபீசர்:
அதுதான் திறந்து வச்சுட்டு சும்மா கிடக்கறவன 10 நிமிஷத்துல தானா வெட்டி விட்டுட்டு இருந்துச்சு. அதோட டிஃபால்ட் 0, அதாவது வெட்டவே வெட்டாது. வரிய போட்டு ரீலோட் குடுங்க, ரீஸ்டார்ட் வேணாம். டெபியனோட பிஜி_அப்கிரேட்கிளஸ்டர்ல போயிருந்தா கான்ஃபையும் அதுவே கொண்டு வந்திருக்கும்.

மேனுவல்முதல்ல:
காரணத்தை எழுதாம "காரணம் இருக்கு"ன்னு எழுதுறவங்களுக்கு என்ன தண்டனைன்னு மேனுவல்ல இல்ல, அது ஒண்ணுதான் குறை.

நடுவழி:
அப்ப இது முட்டுக்கட்டைதான். ஒருத்தன் போட்டான், 61 பேர் மாட்டினான்.

வெட்டிஆபீசர்:
இதுக்கு பொருந்துது. டெட்லாக்குக்கு பொருந்தல. அதான் நானும் சொன்னேன்.

கடைசிபெஞ்ச்:
போட்டாச்சு, ரெண்டு நாளா நிக்கல. டூல் திறந்து வச்சிருந்தது மேனேஜர். நன்றி.

ராத்திரிஷிப்ட்:
நல்லது. அந்த 1000-ஐ திரும்ப இறக்கினீங்களா?

ராத்திரிஷிப்ட்:
@கடைசிபெஞ்ச் ?

மேனுவல்முதல்ல:
வேலை முடிஞ்சுது, போயிட்டார். இனி அந்த 1000 நிரம்பினாதான் வருவார்.