இழுவைப் படகிலிருந்து சென்னைத் துறைமுகம்: எழுத்துகள் இரட்டையாக விழுகின்றன, லென்ஸ் பழுதா?

வண்ணை குமரன்:
வணக்கம். விரைவில் கழிக்கப்படவிருக்கும் ஒரு பழைய டீசல் இழுவைப் படகில் ஏறிச் சென்னைத் துறைமுகத்தைப் படமெடுக்க முறையான அனுமதி கிடைத்திருக்கிறது. ஒரு நாள் போய் வந்தாயிற்று, இன்னொரு நாள் பாக்கி. 70-300 மி.மீ. லென்ஸ், ஷட்டர் 1/250 நொடி, கேமரா முக்காலியில். படகு ஒரு சரக்குக் கப்பலைத் தள்ளியபோது எடுத்தவற்றில் கப்பலின் பெயர் மேலும் கீழுமாக இரட்டையாகத் தெரிகிறது. வேறு சிலவற்றில் கிரேன்களின் நேர்க்கோடுகள் நெளிகின்றன. லென்ஸை சர்வீஸுக்குக் கொடுக்கச் சொல்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?

மணலி ரவி:
முக்காலியின் நடுத்தண்டில் கனமான பையைத் தொங்கவிடுங்கள், ஆட்டம் நின்றுவிடும். கட்டடக் கூரையில் நான் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய தளத்துக்காரர்:
கூரை நடுங்காது ரவி சார், இழுவைப் படகின் தளம் நடுங்கும். சிறிய உடலுக்குள் பெரிய எந்திரம். சுக்கான் அறையில் தேநீர் டம்ளரை வைத்துப் பாருங்கள்: எந்திரம் சும்மா ஓடும்போதே தேநீரின் மேல் வளையம் வளையமாக அலை நிற்கும். அந்த நடுக்கத்தை முக்காலி அப்படியே கேமராவுக்குக் கடத்துகிறது.

குமரன் தம்பி, கடைக்காரருக்குப் பணம் கொடுக்காதீர்கள். உங்களுக்கு இருப்பது ஒரு கோளாறல்ல, இரண்டு. எழுத்து ஒரே திசையில் இரட்டித்தால் அது அதிர்வு. நேர்க்கோடு நெளிந்தால் அது புகைபோக்கியின் வெப்பக் காற்று. அதன் ஊடாகப் பார்த்து எடுத்திருப்பீர்கள். காற்று வரும் பக்கமாக நின்றால் நெளிவு பெரும்பாலும் போய்விடும்.

அதிர்வுக்கு மருந்து உங்கள் முழங்கால்தான். முக்காலியை வீட்டில் வைத்துவிடுங்கள். கால்களை அகட்டி, முழங்காலைச் சற்றே மடக்கி நில்லுங்கள். கைப்பிடிக் கம்பியில் முழங்கையை ஊன்றவே கூடாது. ஷட்டர் 1/1000 நொடியைவிட மெதுவாகப் போக வேண்டாம். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) ஏறினால் ஏறட்டும், அதனால் புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், இரட்டித்த எழுத்தைச் சரிசெய்ய முடியாது. சில நிக்கான் லென்ஸ்களில் அதிர்வுக் குறைப்புக்கு ‘ஆக்டிவ்’ என்றொரு நிலை உண்டு. ஓடும் வண்டியிலிருந்து எடுப்பதற்கென்றே வைத்தது.

வண்ணை குமரன்:
மிக்க நன்றி ஐயா. என்னுடையதும் நிக்கான்தான், அந்த விசை இருக்கிறது. எந்த நேரத்தில் போவது நல்லது? பின்தளத்தில் நின்றால் பார்வை அகலமாகக் கிடைக்கிறது.

பழைய தளத்துக்காரர்:
பின்தளம் வேண்டாம். இழுவைக் கயிறு விறைப்பாக இருக்கும்போது அங்கே மாலுமிகளே நிற்க மாட்டார்கள். அறுந்தால் எந்தப் பக்கம் அடிக்கும் என்று சொல்ல முடியாது. கயிறு சுற்றும் விஞ்ச் அருகே கழுத்தில் கேமரா வாரைத் தொங்கவிட்டு நடப்பதும் ஆபத்து. மாலுமிகளின் தலைவரான சராங்கு காட்டும் இடத்தில் நில்லுங்கள், உயிர்காப்பு அங்கியைக் கழற்றாதீர்கள்.

நேரம் என்றால் விடிகாலை. இங்கே சூரியன் கடலிலிருந்து எழுகிறது. துறைமுகத்துக்குள் மேற்கே பார்த்தால் நகரத்துப் பக்கத் துறைமேடைகள், கிரேன்கள் எல்லாம் முழு வெளிச்சத்தில் இருக்கும். கிழக்கே அலைதடுப்புச் சுவரும் பாரதி டாக் என்ற கப்பல்துறையும் கறுத்துவிடும். அந்தப் பக்கத்தை மாலைக்கு வையுங்கள். வெயில் ஏறியபின் கப்பலின் வெள்ளை மேல்தட்டு வெளிறிப்போகும், ஆகவே ஒளியளவை வெள்ளைக்குப் பாருங்கள், கறுப்பு அடிப்பகுதிக்கு அல்ல. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிளம்பினால் தெறிப்பும் தொடங்கும்.

இது மனிதன் கட்டிய துறைமுகம். 1881 புயலில் அலைதடுப்புச் சுவர்கள் சிதைந்தன. பிறகு துறைமுகத் தலைவர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் கிழக்கு வாயிலை விட்டு வடகிழக்கில் வாயில் வைத்தார்கள். அதனால்தான் உள்ளே தண்ணீர் இவ்வளவு அடங்கியிருக்கிறது. நீள லென்ஸ் வேலையை உள்ளேயே முடியுங்கள். சுவரின் முனையைத் தாண்டியதும் படகு உருளும்; அங்கே அகல லென்ஸ் போதும்.

மணலி ரவி:
முக்காலி யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்! ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் பனி படரும். கேமராவைப் பையைவிட்டு எடுக்காமல் அரைமணி நேரம் வெளியே வையுங்கள். உப்புத் தெறித்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றுங்கள்.

பழைய தளத்துக்காரர்:
இன்னொன்று: கேமரா, லென்ஸ் விவரம் அனுமதிக் கடிதத்தில் இருக்கிறதா என்று முதல்நாளே பாருங்கள். வாயிலில் நிற்பது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை. அங்கே வாதம் எடுபடாது. கடற்படை, கடலோரக் காவல்படைக் கப்பல்கள் பக்கம் லென்ஸைத் திருப்பவே வேண்டாம்.