பிக்கப் கூரையில் ஐந்து ஆம்பர் (ஆரஞ்சு மஞ்சள்) விளக்கு: போட்டவர்கள் சொல்வது

சில்வராடோ 1500 பிக்கப், டெக்சாஸ்

அமெரிக்கச் சட்டப்படி 80 அங்குலமும் அதற்கு மேலும் அகலமுள்ள வண்டிக்குத்தான் கூரை விளக்கு கட்டாயம். நடுவில் மூன்று, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று. பின்னால் இரட்டைச் சக்கரம் போட்ட பெரிய பிக்கப்களில் பார்த்திருப்பீர்கள். என் வண்டிக்குத் தேவையே இல்லை, அழகுக்குத்தான் போட்டேன்.

கரண்ட் கணக்கு சுலபம். 194 என்ற வகைச் சிறு பல்பு ஒன்றுக்கு 0.27 ஆம்பியர், ஐந்துக்கும் சேர்த்து 1.35. எல்இடி என்றால் இன்னும் சொற்பம். பார்க்கிங் லைட் ஒயரிலிருந்தே எடுத்து, நடுவே 5 ஆம்பியர் பியூஸ் கொடுத்தேன். ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள், டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். பார்க்கிங் லைட் போட்டால் எரிய வேண்டும், இண்டிகேட்டருக்குச் சிமிட்டக் கூடாது.

நேரம் தின்றது ஒயரைக் கீழே இறக்கும் வேலைதான். முன்கண்ணாடி ஓரத் தூணுக்குள் கர்ட்டன் ஏர்பேக் (பக்கவாட்டில் திரைபோல் விரியும் ஏர்பேக்) இருக்கிறது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வண்டிக் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்துவிட்டுத்தான் தூணின் மூடியில் கை வைக்க வேண்டும். ஒயர் ஏர்பேக்குக்குப் பின்னால் போக வேண்டும். முன்னால் போனால், விரியும்போது அதற்குக் குறுக்கே நிற்கும். ஏற்கெனவே போகும் ஒயர்க்கட்டோடு சேர்த்து டை போட்டுவிட்டேன், ஆடாது.

எல்இடி ஒன்று எரியவில்லை என்றால் பதறாமல் திருப்பிச் செருகிப் பாருங்கள். பாதி நேரம் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும்.

செகண்ட் ஹேண்ட் ராம் பிக்கப், ஒஹாயோ

என் வண்டியில் விளக்கு முன்னமே இருந்தது. முந்தைய உரிமையாளர் ஏதோ ஒரு கடையில் போட்டிருக்கிறார். மழை பெய்தால் உள்கூரைத் துணியில் ஈரம். பிரித்துப் பார்த்தால், துளையின் விளிம்பில் பெயின்ட் தொடாமல் வெறும் தகடு, சுற்றிலும் துரு. அதன் மேல் சிலிகான் அப்பியிருந்தார்கள். காயும்போது வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் இதற்கு ஆகவே ஆகாது. அதிலிருந்து வருவது அசிட்டிக் அமிலம், தகட்டை அரிக்கும். துருவைச் சுரண்டி, பிரைமர், பெயின்ட் அடித்து, புது கேஸ்கெட் வைத்து, வாடையில்லாத நியூட்ரல் வகை சிலிகான் போட்டேன். அப்புறம் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துப் பார்த்தபின்தான் உள்கூரையை மாட்டினேன். துளையில் ஒயருக்கு ரப்பர் புஷ்ஷும் இல்லை! தகட்டு விளிம்பு எப்போது வேண்டுமானாலும் இன்சுலேஷனை வெட்டியிருக்கும்.

எஃப்-350 பிக்கப், மிச்சிகன்

என்னுடையதில் உபரி வேலைக்கென்றே கம்பெனி வைத்த சுவிட்சுகள் உண்டு. அதில் ஒன்றில் கொடுத்தேன், பார்க்கிங் லைட் ஒயரைத் தொடவே இல்லை. நண்பர் ஒருவரின் புது வண்டியில் அந்த ஒயரில்தான் எடுத்தார்கள். எல்இடி ஐந்தும் படபடவென்று துடித்தன. ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) வைத்தார்கள், அது கடகடத்தது. காரணம் எளிது. இன்றைய வண்டிகள் பலவற்றில் கம்ப்யூட்டர் விளக்குக்குக் கரண்டை விட்டு விட்டு அனுப்புகிறது. பழைய பல்பின் இழை ஆறுவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. எல்இடி உடனே அணைந்துவிடும். கடைசியில் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் பியூஸிலிருந்து எடுத்து, தனி சுவிட்ச் வைத்துக் கொடுத்தோம். எர்த்தையும் பெயின்ட் சுரண்டிய போல்ட்டுக்கு மாற்றினோம். இப்போது சீராக எரிகிறது.